விளிம்பில் இருந்த பெயர்

என் கணவனின் பதக்கம் எனக்கு வரவில்லை. என் அம்மாவுக்கு வந்தது.

இங்கிலாந்தின் டார்பாயின்ட்டில் ஆற்றைப் பார்த்திருந்த எங்கள் வீட்டுக்கு, 1885 அக்டோபரில், தபால்காரர் ஒரு சிறிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு இருந்தன. ஒன்று, நீலமும் வெள்ளையுமாகக் கோடிட்ட நாடாவில் கோத்த வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் மகாராணியின் தலை, மறுபக்கம் சிங்க உடம்பும் மனித முகமுமாக எகிப்தியச் சிலை. மற்றொன்று எகிப்து மன்னர் கொடுத்த வெண்கல நட்சத்திரம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணும் அப்போது பாதிக்கு மேல் போயிருந்தது. வெள்ளியைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். பிறகு அவள் கட்டைவிரல் விளிம்பில் நின்றது.

"சொரசொரன்னு இருக்கே, என்னடி இது?"

"பேரும்மா."

"யாரு பேரு?"

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தேன். பாஸ்கோ ஹிக்ஸ், மாலுமி. அதன்பின் கப்பலின் பெயர். பாஸ்கோ என் தம்பி. ஒன்பது வயதில் தொண்டை அடைத்துச் செத்துப்போனவன். மீன்பிடிப் படகில் தவிர வேறெதிலும் அவன் கால் வைத்ததில்லை.

என் கணவன் ஜாகோ ட்ரெவின் எங்கள் சொந்த ஊரான போர்ட்லோவில் மூன்று வீடு தள்ளி வளர்ந்தவன். பதினைந்து வயதில் கடற்படையில் சேர்ந்தான். பத்தொன்பதாவது வயதில், அவன் கப்பல் அயர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் நின்றபோது, சாளை பிடிக்கப் போன அவன் அப்பாவின் படகு திரும்பவில்லை என்று தகவல் வந்தது. விடுப்புக் கேட்டான். கிடைக்கவில்லை. தண்ணீர் எடுக்கக் கரைக்குப் போனவர்களோடு போய், அங்கிருந்தே நழுவி ஊருக்கு வந்துவிட்டான். வந்து பார்த்தால் உடலும் இல்லை, அடக்கமும் இல்லை. அதற்குள் கப்பலின் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே 'ஆர்' என்ற ஓர் எழுத்து விழுந்துவிட்டது. ஓடிப்போனவன் என்று பொருள். அந்த எழுத்து விழுந்தவன் பிடிபட்டால் சிறை. அவன் வாங்கிய பதக்கமும் இனி வாங்கப்போகும் பதக்கமும் பறிபோகும்.

இரண்டு வருடம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தோம். அவனுக்குப் பெரிய கப்பலைத் தவிர வேறு எதுவும் கைவரவில்லை. வேறு பெயரில் திரும்பச் சேர்வது மாலுமிகளிடையே புதிதல்ல. கூட இருப்பவன் உண்மைப் பெயர் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஒரு காகிதம் வேண்டும். அம்மாதான் பைபிளுக்குள்ளிருந்து பாஸ்கோவின் ஞானஸ்நானச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எடுத்துக்கோ. அவன் பேரு சும்மாதானே கெடக்கு. நீயாவது கொண்டுபோய் நாலு ஊரு காட்டு."

ஜாகோ சீட்டைத் தொடவில்லை. "அம்மா, அந்தப் பேருக்கு நான் ஏதாவது கெடுதி பண்ணிட்டேன்னா?"

"பண்ணுனா செருப்பால அடிப்பேன். ஒம்பது வருஷத்துல அவன் செஞ்ச ஒரே தப்பு, பக்கத்து வீட்டு அடுப்பு மேல இருந்து ஒரு பன்னைத் தூக்குனதுதான். அதுக்கு மேல நீ ஒண்ணும் சேக்காத."

எங்கள் ஊர்க் கோயிலில் அவன் சொந்தப் பெயரிலேயே கல்யாணம் நடந்தது. அடுத்த வாரமே, எங்களை யாருக்கும் தெரியாத டார்பாயின்ட்டுக்கு வந்துவிட்டோம். எதிர்க்கரையில் டெவன்போர்ட், கப்பல் தளம், கடற்படை. இடையில் சங்கிலியில் இழுபடும் படகு. எங்கள் தெருவுக்கு நாங்கள் பாஸ்கோ ஹிக்ஸ், அவன் மனைவி, அவன் அம்மா. குடும்பப் பெயர் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவனுக்குத்தான் அந்தப் பெயர் காதில் ஏறவில்லை. முதல் கப்பலில் பெயர் வாசிக்கும்போது "ஹிக்ஸ்!" என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். "நானும் திரும்பித் திரும்பிப் பாத்தேன் டாம்சின், எவன்டா அந்தச் சோம்பேறின்னு," என்று வீட்டுக்கு வந்து சொன்னான். தண்டனையாக எல்லோரும் சாப்பிடும்போது மேல்தளத்தில் நின்றிருக்கிறான். அதனால் வீட்டில் பழக்கினேன். மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்துச் சுட்ட பேஸ்ட்டியை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து "பாஸ்கோ!" என்று கத்துவேன். திரும்பாவிட்டால் ஒரு கடி எனக்கு. அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். "பாதி பேஸ்ட்டி போச்சே மாப்ளே. இப்படியே போனா பட்டினிதான்." நான்கு வருடத்தில் ஓரளவு பழகினான். களைத்திருக்கும்போது மட்டும் மறந்துவிடுவான். கதவைச் சாத்திய பிறகு அவன் ஜாகோ. இங்கே வந்த பிறகு அந்தப் பெயரை உரக்கச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை.

1884 பிப்ரவரியில் அவன் கப்பலை, எகிப்தின் ஆட்சியில் இருந்த சூடானின் சுவாகின் கரைக்குப் போருக்கு அனுப்பினார்கள். மாலுமிகளை இறக்கி, பீரங்கிகளை மணலில் இழுக்க வைத்தார்கள். அவனுக்கு எழுத வராது. ஓபெட் கிட்டோ என்ற கூட்டாளி எழுதிக்கொடுப்பான். மூன்று கடிதம் வந்தது. மூன்றிலும் கீழே 'அன்புள்ள பாஸ்கோ' என்றுதான் இருந்தது. நான்காவது கடிதம் அம்மா பெயருக்கு வந்தது. உங்கள் மகன் காய்ச்சலில் இறந்தான் என்று கப்பலின் பாதிரியார் எழுதியிருந்தார்.

அவனுக்கு வரவேண்டியதைக் கேட்க, கல்யாணச் சீட்டை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு டெவன்போர்ட் கடற்படை அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு விதவைகள் நின்றிருந்தார்கள். அவர்கள் சீட்டைக் காட்டினார்கள். எழுத்தர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என் முறை வந்தது.

"ஹிக்ஸ். சரி. நீங்க அவனுக்கு யாரும்மா?"

உடுப்புக்குள் இருந்த காகிதத்தில் ஜாகோ ட்ரெவின் என்று எழுதியிருந்தது. அதை எடுத்து வைத்தால், அங்கேயே பக்கத்து அலமாரியில் இருக்கும் இன்னொரு புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் எழுத்தையும் எடுத்து வைத்ததாகிவிடும். இதையெல்லாம் வழியிலேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. விதவை என்றால் நேரே போய் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

"கேக்குதா? சம்சாரமா?"

"இல்லைங்க," என்றேன். "கூடப் பொறந்தவ."

எழுதிக்கொண்டார். "அப்போ எதுன்னாலும் தாயாருக்குத்தான் வரும். அடுத்தது யாரு?"

அன்று மாலை கல்யாணச் சீட்டை அடுப்பில் போட்டேன். பயம்தான் காரணம். யாராவது வந்து தேடுவார்கள் என்று தோன்றியது. யாரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு மார்த்தா கூம்பின் கணவன் அந்த அலுவலகத்தில் கரி அள்ளிப் போடுபவன். இரண்டு நாளில் செய்தி துணி துவைக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

"ஏன் டாம்சின், அலுவலகத்துல கூடப் பொறந்தவன்னு எழுதிக் குடுத்தியாமே?" துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். ஆறேழு பேர் இருந்தார்கள். "அப்போ நாலு வருஷமா அக்காவும் தம்பியுமா ஒரே கட்டில்லயா? இல்ல, கட்டில்ல சம்சாரம், காயிதத்துல அக்காவா?"

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிழியாத துணியை வாளியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தினால் மார்த்தா சிரிப்பாள் என்று அதன்பின் உடுத்தவும் இல்லை.

பதக்கம் வந்த பிறகு எனக்கு இருந்தது ஒரே ஆசை. அவன் பெயர் எங்காவது இருக்க வேண்டும். கடிதத்தில் இல்லை, கல்யாணச் சீட்டு சாம்பல், சுவாகின் மணலில் நட்ட பலகையிலும் ஹிக்ஸ் என்றுதான் எழுதியிருப்பார்கள். அரசாங்கப் புத்தகத்தில் ஜாகோ ட்ரெவின் என்ற பெயர் இருக்கிறது, பக்கத்தில் அந்த எழுத்தோடு. அவன் உழைத்துச் சம்பாதித்த வெள்ளி இது. இதன் விளிம்பிலாவது அவன் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அம்மா அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நட்சத்திரத்தில் யார் பெயரும் இல்லை என்றதும் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டாள். வெள்ளியை ஞாயிற்றுக்கிழமை சால்வையில் குத்திக்கொண்டு பிரார்த்தனைக்கு வருவாள். மற்ற நாள் சாப்பிட்டு முடித்ததும் மடியில் வைத்துக் கட்டைவிரலை விளிம்பில் ஓட்டுவாள். பெயர் எங்கே தொடங்குகிறது என்று விரலாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"இந்தா, கம்பும் தொந்தியுமா நிக்குறான் பாரு, இங்கதான் ஆரம்பிக்குறான்," என்பாள், பாஸ்கோவின் முதல் எழுத்தான ஆங்கில 'பி'யைத் தடவியபடி. "எகிப்து வரைக்கும் போயிட்டு வந்துட்டான்டி நம்ம பய."

"ஜாகோம்மா. ஜாகோதான் போனான்."

"ஆமா ஆமா. ஜாகோதான்." விரல் நிற்காது.

பாஸ்கோவுக்குப் போர்ட்லோவில் கல்லறைக் கல் வைக்கவில்லை. அப்போது எங்களால் முடியவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் விரலைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ கசந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது, எந்த எழுத்து இருந்தால் என்ன, ஏதோ சொரசொரப்பாக இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, மெருகு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தேன். எல்லரி என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார்.

"விக்கப்போறீங்களா?"

"இல்ல."

"எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. எனக்கென்ன." விளிம்பில் உள்ள பெயரைத் தேய்த்துவிட்டு வேறு பெயர் வெட்ட வேண்டும் என்றேன். அவர் துணியைச் சுற்றிப் பதக்கத்தைப் பிடிப்பில் மாட்டினார். "இது அச்சு அடிச்ச எழுத்து. ஆழமா இருக்கும். நல்லாத் தேய்க்கணும்."

அரத்தின் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கீழே விரித்திருந்த பழுப்புத் தாளில் வெள்ளித் தூள் விழுந்தது. முடிந்ததும் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "உங்க வெள்ளி. நீங்களே வெச்சுக்கங்க." புதுப் பெயரைக் கேட்டார். சொன்னேன். வெளி மனிதர் ஒருவரிடம் அந்தப் பெயரை முழுதாகச் சொன்னது அன்றுதான். "வெட்ட இப்போ வெளிச்சம் பத்தாது. இங்கயே இருக்கட்டும், சனிக்கிழமை வந்து வாங்கிக்கங்க," என்றார். அம்மா மாலையில் தேடுவாள் என்பதால் நான் பதக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மெருகு முடியவில்லை என்று சொல்லி இரண்டு நாள் கடையிலேயே விட்டிருக்கலாம். நட்சத்திரத்தைக் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். அப்போது எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒருவன் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது காதுக்குக் கீழே தீக்காயம்.

"வாடி, வா. ஓபெட்டாம். நம்ம பையன் கூட இருந்த புள்ள," என்றாள் அம்மா. கன்னம் ஈரமாக இருந்தது. "சொல்லுப்பா, மறுபடியும் சொல்லு. இவளும் கேக்கட்டும்."

ஓபெட் எழுந்து நின்றான். "ஜாகோவப் பத்தித்தான் அக்கா." அந்தப் பெயரை அவன் தயங்காமல் சொன்னான். "ஒண்ணா உக்காந்து சாப்பிடுற எங்க மெஸ்ல எட்டுப் பேருக்கும் தெரியும். மேல இருக்கிற அதிகாரிங்களுக்குத் தெரியாது. மெடல் குடுப்பாங்கன்னு பேச்சு வந்தப்போ எல்லாரும் அதை என்ன பண்றதுன்னு பேசிக்கிட்டோம். நான் குடிச்சே தீத்துருவேன்னேன். அவன் சொன்னான், அது என்னுது இல்லடா, எங்க அம்மாவோடதுன்னான். உன் அம்மாதான் செத்துப்போச்சேன்னு கேட்டேன். மாமியாருடா மடையான்னான். அவங்க புள்ளையோட பேரக் கடன் வாங்கிட்டு வந்திருக்கேன். கல்லு கூட வெக்காத பேரு. வெள்ளியில அடிச்சுத் திருப்பிக் குடுக்கணும். அதுக்கப்புறம் நான் நிம்மதியா கூலிக்குப் போவேன்னான்."

அம்மா முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். "பாத்தியாடி. பாத்தியா. திருப்பிக் குடுத்துட்டான். எங்க அது? மெருகு போட்டாச்சா? ஓபெட்டுக்குக் காட்டு."

என் பாவாடைப் பையில் ஒரு பக்கம் பதக்கம், மறுபக்கம் அந்தத் தாள் மடிப்பு. இல்லை, கடையில் விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் கை நீண்டபடி இருந்தது. கொடுத்துவிட்டேன்.

கட்டைவிரல் விளிம்பில் இறங்கியது. ஒரு சுற்று வந்தது. நின்றது. திரும்பவும் சுற்றியது, மெதுவாக. மற்றக் கை விரலால் முயன்றாள்.

"எங்கடி ஆரம்பிக்குது?"

ஓபெட் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அரத்தின் கோடுகள் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இந்தா இருக்கும்மா," என்று அவள் விரலைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தான். "இங்கதான். தெளிவா இருக்கு. பாஸ்கோ ஹிக்ஸ்."

"எனக்குத் தட்டுப்படலையே." அம்மா விரலை வாயில் வைத்து ஈரமாக்கி மறுபடியும் தேய்த்தாள். "குளிருல வெரலு செத்துப்போச்சு போல. கண்ணு போச்சு, இப்போ வெரலும் போச்சு. பரவால்ல. இருக்குல்ல? நீ படிச்சல்ல?"

"படிச்சேம்மா."

படகுத்துறை வரை ஓபெட்டுடன் நடந்தேன். அவன் பதக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், ஜாகோ எப்படிப் போனான் என்று. ஓபெட் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் அக்கா."

"சொல்லு."

"கரையில கூடாரத்துல இருபது பேரு காய்ச்சல்ல கெடந்தாங்க. ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு ஒரு படகுல எட்டுப் பேரத்தான் ஏத்த முடியும். ஒருத்தன் லிஸ்ட்ட வெச்சுப் பேரு கூப்பிட்டான். பதில் சொன்னவனத் தூக்கிட்டுப் போனாங்க. ஹிக்ஸ் ஹிக்ஸ்னு கூப்பிட்டிருக்கான். இவன் முழிச்சுத்தான் கெடந்திருக்கான். பக்கத்துல கெடந்த பய சொன்னான், கூரையப் பாத்துக்கிட்டே இருந்தானாம். பதில் இல்லன்னதும் செத்தவன்னு நெனச்சு அடுத்த பேருக்குப் போயிட்டான். நான் பீரங்கிக்கிட்ட இருந்தேன். மறுநாள் நான் வந்து ஜாகோன்னு கூப்பிட்டேன். உடனே திரும்பினான் அக்கா. உடனே. ஆனா படகு அதுக்கடுத்த நாளுதான் வந்துச்சு."

சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அவன் ஏறிப் போனான்.

மறுநாள் காலை நான் எல்லரியின் கடைக்குப் போனேன். சனிக்கிழமை அல்லவா என்றார். பெயர் மாறிவிட்டது, பாஸ்கோ ஹிக்ஸ் என்று வெட்டுங்கள், நேற்று இருந்தது போலவே என்றேன். இரவு முழுதும் அந்தப் பெயரை நான் வெறுத்திருந்தேன். என் கணவனைக் கூடாரத்தில் விட்டுப்போன பெயர். அதை என் வாயால் கேட்டு வாங்கினேன்.

எல்லரி என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தேய்ச்சதத் திரும்பப் போடச் சொன்ன ஆளு நீங்கதான். ஆனா அது மாதிரி வராது. அது நாணயச்சாலை எந்திரத்துல அடிச்சது. நான் ஊசியால கீறுவேன், அவ்வளவுதான்."

கீறினார். கண்ணுக்கு அழகாகவே இருந்தது, தலைமயிர் போல மெல்லிய கோடுகள். அம்மாவின் விரலுக்கு அது எட்டவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு தேடுவாள். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு தேடுவாள். மருந்துக்காரர் சொன்னதென்று வாத்துக் கொழுப்பைத் தடவுவாள். "செத்த வெரலு" என்று சொல்லிப் பதக்கத்தை மடியில் போட்டுவிடுவாள். பேஸ்ட்டி மடிக்கும்போது அதே விரல் மாவின் ஓரத்தைப் பிசகாமல் மடித்தது. அதை அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

மார்ச்சில் அம்மா போய்ச் சேர்ந்தாள். சவப்பெட்டியை மூடுமுன் அந்தப் பழுப்புத் தாள் மடிப்பை அவள் வலது கைக்குள் வைத்தேன். பாஸ்கோவின் பெயர், அச்சு அடித்த உண்மையான பெயர், அதற்குள் தூளாகத்தான் இருந்தது. மார்த்தா கூம்ப் வந்திருந்தாள். அது என்ன என்று கேட்டாள். மருந்து என்றேன்.

அதன்பின் ஜாகோவின் பெயரை வெட்டச் சொல்லி நான் போகவில்லை. பல முறை படகுத்துறை வரை போயிருக்கிறேன். அவன் திருப்பிக் கொடுத்த பொருளை நான் மறுபடியும் எப்படி எடுப்பது என்று தோன்றும். எடுக்காவிட்டால் அவனுக்கு என்ன இருக்கிறது என்றும் தோன்றும். எல்லரியும் பிறகு கடையை மூடிவிட்டார்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இப்போது எனக்கும் கண் மங்குகிறது. இந்தத் தாளையே மூக்குக்கு அருகில் வைத்துத்தான் எழுதுகிறேன். எல்லரி கீறிய கோடுகள் எனக்குத் தெரியாமல் போய் இரண்டு வருடமாகிறது. சாப்பிட்டு முடித்ததும் பதக்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். கட்டைவிரலை விளிம்பில் ஓட்டுகிறேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வழவழவென்று போய்க்கொண்டே இருக்கிறது.